பேர் வெட்ட விட்ட இடம்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு எதிர்க்காத்து ஒத்துக்காது. அந்தப் பைய மட்டும் காலால தள்ளிடாதீங்க, உள்ள உளி இருக்கு. பயப்படாதீங்க, கல்லு வேலை செய்யறவன். மாமல்லபுரத்துல பட்டறை. எம்பேரு வேதகிரி. பாண்டிச்சேரிக்குத்தான் போறேன். சும்மாதான், ஒரு கல்லு பாக்கலாம்னு.

நீங்க காலேஜுல வாத்தியாரா? நல்லதாப் போச்சு. படிச்சவங்க யாராச்சும் கெடைச்சா ஒரு ஞாயம் கேக்கணும்னு ஒரு வருஷமா இருந்தேன். எங்க தெருவுல கேட்டா பாதிப் பேரு என் பக்கம், பாதிப் பேரு எம் பொண்டாட்டி பக்கம். உங்களுக்கு என்னையும் தெரியாது, செத்துப்போன அந்தம்மாவையும் தெரியாது. நீங்க சொல்றதுதான் ஞாயம்.

முப்பது வருஷமா உளி புடிக்கறேன் சார். என் பட்டறைச் சிலை எத்தனை ஊருல பூசையில இருக்குதுன்னு எனக்கே நெனப்பில்ல. ஒருத்தர் ஒரு கொறை சொன்னதில்ல. ஒரே ஒருத்தங்கதான் சொன்னாங்க. என்ன சொன்னாங்க தெரியுமா? "உனக்குக் கை இருக்கு வேதகிரி. காதுதான் இல்ல." அதுவும் அரக்கோணத்துலருந்து நந்தி செய்யச் சொல்ல வந்த கோயில்காரங்க நாலு பேரு முன்னால. நீங்களே சொல்லுங்க, எனக்குக் காது இல்லயா? இல்ல, இருங்க, முதல்லேருந்து சொல்றேன். அப்பத்தான் உங்களுக்குப் புரியும்.

செலஸ்தின் அம்மான்னு பேரு. பாண்டிச்சேரி நெல்லித்தோப்பு. நம்ம ஆளுங்கதான், ஆனா பிரான்சு நாட்டுக் குடி. இருபது வயசுல பாரிசு போனவங்க. அங்க ஒரு மியூசியத்துல முப்பத்தோரு வருஷம் வேலை. எகிப்து தேசத்துக் கல்லுங்க இருக்கற அறை. பெரிய சிலை இல்ல சார், சின்னச் சின்னக் கல்லு. நம்ம விரல் நுனி அளவு, கொட்டைப் பாக்கு அளவு. மூவாயிரம் நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால செத்தவங்க ஒடம்புல துணியச் சுத்தும்போது மடிப்புக்கு மடிப்பு வெச்சுச் சுத்துன கல்லு. அதையெல்லாம் ஒண்ணொண்ணா அளந்து படம் வரையறதுதான் அந்தம்மா வேலை. கை என்ன கைங்கறீங்க. எழுபத்தி ரெண்டு வயசுலயும் ஒரு கோடு பிசகாது.

ரிட்டையராகி பாண்டிச்சேரிக்கு வந்தவங்களுக்கு இருதயத்துல கோளாறுன்னு சொல்லிட்டாங்க. நெல்லித்தோப்புல இருந்தா சொந்தக்காரங்க தினம் வந்து எப்பிடி இருக்கேன்னு கேட்டே கொன்னுடுவாங்கன்னு எங்க ஊருல கலங்கரை விளக்கத்துப் பக்கம் ஒரு வீடு எடுத்துத் தங்கினாங்க. தங்கச்சி மக ரெஜினான்னு ஒரு பொண்ணு, நர்சு, வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து பாத்துட்டுப் போகும். போன வருஷம் தை மாசம் என் பட்டறைக்கு வந்தாங்க அந்தம்மா. வந்து ஒரு நோட்டுப் புத்தகத்த விரிச்சு வெச்சு, எனக்கு நாலு கல்லு செஞ்சு குடுன்னாங்க. வீட்டுல அலங்காரத்துக்காம்மான்னேன். இல்லப்பா, என் பொணத்துக்குன்னாங்க.

அவங்க காய்கறி வாங்கற மாதிரி சொல்றாங்க. கிறிஸ்தவங்களாச்சே, சாமியார் ஒத்துக்குவாரான்னு கேட்டேன். சிலுவையும் இருக்கும், அதுகூட இதுவும் இருக்கட்டும், முப்பத்தோரு வருஷம் இதுங்க கூடத்தான் குடும்பம் நடத்தினேன், வழியனுப்ப வராதான்னாங்க. கல்யாணம் பண்ணிக்காதவங்க சார். அப்பிடித்தான் பேசுவாங்க.

முதல் கல்லு தலைக்கு. தலகாணிதான், ஆனா பஞ்சுத் தலகாணி இல்ல, அந்த ஊருல கட்டையில பிறை நெலா மாதிரி வளைவா செஞ்சு அதுமேல தலை வெச்சுப் படுப்பாங்களாம். அத விரல் நீளத்துக்குக் கருப்புக் கல்லுல செய்யணும். செத்தவன் தலை ஒடம்ப விட்டுப் போயிடாம இருக்கறதுக்கு. ரெண்டாவது செவப்புக் கல்லுல ஒரு முடிச்சு, கழுத்துக்கு. மூணாவது ரெண்டு விரல். ஆமா சார், ஆள்காட்டி விரலும் நடு விரலும் ஒட்டினாப்பல, நகத்தோட, கருங்கல்லுல. ஒடம்ப அறுத்து உள்ள இருக்கறத எடுத்துடுவாங்கல்ல, அந்தக் காயத்து மேல இந்த ரெண்டு விரல வெப்பாங்களாம். ஏன் ரெண்டு விரல்னு அந்தம்மாவுக்கும் சரியாத் தெரியல. அறுத்தவனே கடைசியா தொட்டு ஆத்தற மாதிரின்னு நானா நெனச்சு வெச்சிருக்கேன்னாங்க.

பங்குனி முடியறதுக்குள்ள மூணையும் குடுத்துட்டேன். பல் டாக்டருங்க வெச்சிருப்பாங்களே, அந்த மாதிரி சின்ன மிஷினு என்கிட்ட இருக்கு. அதுல புடிச்சு, அப்புறம் கையால இழைச்சு இழைச்சு, கண்ணாடி மாதிரி வழவழன்னு குடுத்தேன். அந்த ரெண்டு விரல வாங்கி அவங்க கன்னத்துல வெச்சுப் பாத்தாங்க. கண்ணுல தண்ணி. சாயந்தரமானா பட்டறைக்கு வந்து ஸ்டூலு போட்டு உக்காந்துடுவாங்க. எம் பொண்டாட்டி கஸ்தூரிக்கு அவங்க மேல அத்தனை பிரியம். சர்க்கரை இல்லாத டீ போட்டு வெச்சுக் காத்திருப்பா. ஒரு நாள் அந்த விரலப் பாத்துக்கிட்டே சொன்னாங்க, எங்கம்மா செத்தப்ப நான் வரலப்பான்னு. அங்க பெரிய கண்காட்சியாம், நூறு கல்லுக்குப் படம் வரையற வேலையாம், முடிச்சிட்டு வரேன்னாங்களாம். இங்க வழி பாத்துப் பாத்து, கடைசியில பொணத்த எடுத்துட்டாங்களாம். அதச் சொல்லும்போது கஸ்தூரி அவங்க கையப் புடிச்சுக்கிட்டா. எனக்கு என்னமோ போல ஆச்சு. பெத்த தாய்க்கு வராம ஒரு மனுஷி எப்பிடி சார் இருக்க முடியும்? நான் ஒண்ணும் கேக்கல. மனசுல வெச்சுக்கிட்டேன்.

நாலாவது கல்லுதான் விஷயம். நெஞ்சுக்கல்லு. கரும்பச்சைக் கல்லுல உள்ளங்கை அளவு ஒரு வண்டு. சாணி உருட்டுமே, அந்த வண்டுதான். சாணி வண்டுக்கு இத்தனை மரியாதையான்னு சிரிச்சேன். அவங்களும் சிரிச்சாங்க. மேல் பக்கம் வண்டு, அடிப்பக்கம் தட்டை. அந்தத் தட்டையில அஞ்சு வரி எழுத்து, அந்த ஊரு எழுத்து. எல்லாம் படம் சார். கண்ணு, கை, தண்ணி, பறவை, பாம்பு. என்ன எழுதியிருக்குன்னு கேட்டேன். அங்க செத்தவங்கள நிக்க வெச்சு விசாரிப்பாங்களாம். அவங்க நெஞ்ச எடுத்து ஒரு தராசுல போடுவாங்களாம். அப்ப அந்த நெஞ்சு எழுந்து, இவன் இன்னின்னது செஞ்சான்னு போட்டுக் குடுத்துட்டா? அதுக்குத்தான் இந்தக் கல்லு. என் நெஞ்சே, எனக்கு எதிரா சாட்சி சொல்லிடாத, வாய மூடிக்கிட்டு இருன்னு அதுக்கிட்ட கெஞ்சறது. அவ்வளவுதான் அந்த அஞ்சு வரியும்.

எனக்குக் கேக்கவே வேடிக்கையா இருந்துச்சு. நாம என்ன செஞ்சோம்னு நம்ம நெஞ்சு சொல்லப் போவுது, அத ஒரு வண்டு வந்து அடக்கப் போவுதா. ஒழுங்கா இருந்தவனுக்கு இந்தக் கல்லே தேவையில்லயேம்மான்னேன். அப்பிடி ஒருத்தன் இருந்தாச் சொல்லு, அவனுக்கு நான் செலவில்லாம படம் வரைஞ்சு தரேன்னாங்க.

அந்த எழுத்துல ஒரு எடம் மட்டும் காலி. செத்தவங்க பேரு வர்ற எடம். அந்தக் காலத்துலயே இப்பிடி முன்கூட்டி செஞ்சு வெச்சுடுவாங்களாம், பேருக்கு மட்டும் எடம் விட்டுட்டு. யாரு வாங்கறாங்களோ அவங்க பேரு கடைசியில வெட்டறது. சாமி சிலைக்குக் கண்ணு தொறக்கறத நாங்க கடைசியில வெச்சுக்குவோம் சார், எல்லா வேலையும் முடிஞ்சப்புறம்தான். அதச் சொன்னேன். அந்தம்மாவுக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு. அப்ப அதே மாதிரி செய்வோம், எல்லாம் சரியா முடியட்டும், கடைசி நாளு நானே வந்து பேர எழுதிக் காட்டறேன், என் கண்ணு முன்னால வெட்டுன்னாங்க. இத ஞாபகம் வெச்சுக்குங்க சார். அவங்க வாயால சொன்னது. நானே வருவேன்னு.

இப்பத்தான் என் தப்புன்னு ஊரு சொல்ற எடத்துக்கு வரேன். அவங்க வரைஞ்சு குடுத்த காகிதத்துல பதினாலு பறவை. ஆந்தை, கழுகு, வாத்து, கோழிக்குஞ்சு மாதிரி ஒண்ணு. ஒண்ணுக்கும் கால் இல்ல. வயித்தோட நிக்குது. அஞ்சு பாம்பு. அஞ்சும் ரெண்டு துண்டு, தலை தனி, ஒடம்பு தனி. எனக்கு எப்பிடி இருக்கும்? சார், ஒரு சிலையில மூக்கு நுனி தெறிச்சுட்டா அது பின்னம். அதுக்குப் பூசை கெடையாது. தண்ணியில போட வேண்டியதுதான். நாலு மாசம் வேலை செஞ்ச நந்திக்குக் கொம்பு நுனி ஒரு நெல்லு அளவு போச்சுன்னு தூக்கிப் போட்டவன் நான். கையில்லாம, காலில்லாம ஒரு உருவம் எங்க பட்டறை வாசலத் தாண்டாது. அந்தம்மாவுக்கு வயசாயிடுச்சு, கண்ணு மங்கலு, கால விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். வேற யாரா இருந்தா இருந்தபடியே வெட்டிக் குடுத்துட்டுப் போயிருப்பான்.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? பதினாலு பறவைக்கும் கால் வெச்சேன். கடுகு அளவு கால் சார், அதுல மூணு விரலு, பின்னால ஒரு விரலு. ஆந்தைக் கால் எப்பிடி மடங்கும்னு தெரியல. கலங்கரை விளக்கத்துப் பாறை இடுக்குல ஒரு ஆந்தை சாயந்தரமா வந்து உக்காரும். மூணு நாள் போய் அதப் பாத்துட்டு வந்து வெட்டினேன். பாம்பையெல்லாம் ஒட்ட வெச்சு உசிரு குடுத்தேன். யாரும் செய்யச் சொல்லல. என் ஆசைக்குச் செஞ்சேன். கஸ்தூரி கூட, ஒரு வார்த்தை அந்தம்மாவக் கேட்டுக்கன்னா. கேட்டா அப்புறம் என்ன இருக்கு, பாத்து அசந்து போகட்டும்னேன்.

நீங்க என்னமோ சொல்ல வர்றீங்க. இருங்க சார், இத முடிச்சிடறேன்.

வைகாசி மாசம், முகூர்த்த நாளு, பட்டறை நெறைய ஆளு. அரக்கோணத்துக்காரங்க நந்திக்கு அளவு பேசிட்டிருக்காங்க. அந்தம்மா வந்தாங்க. நான் வண்ட எடுத்துத் துணியில தொடச்சு ரெண்டு கையால குடுத்தேன். மேல் பக்கத்தப் பாத்தாங்க, சிரிச்சாங்க. திருப்பினாங்க. பையிலருந்து பூதக்கண்ணாடிய எடுத்து வரி வரியாப் பாத்தாங்க. மூஞ்சி மாறிப் போச்சு.

"வேதகிரி, இதுங்களுக்கு நான் ஏன் கால் போடலன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

விட்டுப் போச்சுன்னு நெனச்சேம்மான்னேன். அப்பத்தான் சொல்றாங்க. அந்தப் பறவைங்க செத்தவங்க நெஞ்சு மேலயே இருட்டுல காலங்காலமா கெடக்கணுமாம். கால் இருந்தா எழுந்து நடந்துடுமாம். செத்தவங்களுக்குப் படைச்சதத் தின்னுடுமாம். பாம்பு முழுசா இருந்தா கொத்துமாம். அதனால தெரிஞ்சேதான் கால வெட்டி, தலைய வெட்டி எழுதுவாங்களாம், சில காலத்துல. அவங்க மியூசியத்துல அப்பிடி ஒரு கல்லு இருந்துச்சாம், முதல் மொதல்ல படம் வரைஞ்சது அதத்தானாம். இத்தனையும் நின்னுக்கிட்டே சொன்னாங்க, மூச்சு வாங்குது. சரி, சொல்லிட்டீங்க, நான் கேட்டுக்கிட்டேன், அதோட விட்டிருக்கலாம்ல? நான் என் ஞாயத்தச் சொன்னேன். அம்மா, ஊனமா ஒரு உருவம் செய்ய எங்க கை வராதுன்னேன். அப்பத்தான் அந்த வார்த்தை வந்துச்சு.

"உனக்குக் கை இருக்கு வேதகிரி. காதுதான் இல்ல."

அரக்கோணத்துக்காரங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. எங்கிட்ட வேலை செய்யறவங்க உளிய நிறுத்திட்டாங்க. முப்பது வருஷம் சார். ஊனத்தப் போக்கினவனுக்கு ஊனப் பட்டம் குடுத்துட்டுப் போனாங்க. போகும்போது சும்மா போனாங்களா? கஸ்தூரிகிட்ட, அந்தப் பறவைக் காலெல்லாம் எடுத்துடச் சொல்லும்மா, அரை நாள் வேலை, எடுத்துட்டான்னா சொல்லி அனுப்பு, நான் வந்து பேரு எழுதித் தரேன்னு சொல்லிட்டுப் போனாங்க. எங்கிட்ட இல்ல. நான் அங்கயே நிக்கறேன். கஸ்தூரிகிட்ட.

அதுக்கப்புறம் நடந்தத ஒழுங்கா சொல்றேன், கூட்டிக் கொறச்சு சொல்லல. ஒரு வாரம் கழிச்சு ரெஜினா போன் பண்ணுச்சு, கல்லு ஆச்சான்னு. விரிசல் விட்டுடுச்சு, வேற கல்லு வரணும்னு சொன்னேன். அடுத்த வாரம் அந்தம்மாவே போன் பண்ணாங்க. அடிச்சுச்சு, எடுக்கல. கையில வேலை இருந்துச்சு. ஆனி பொறந்ததும் ரெஜினா நேருலயே வந்துடுச்சு. பெரியம்மாவ பாண்டிச்சேரிக்குக் கொண்டு போயிட்டோம், ஆஸ்பத்திரியில இருக்காங்க, கல்லு எப்பிடி இருந்தாலும் பரவாயில்ல குடுங்கன்னு கேக்கறாங்க, காலோட இருந்தாலும் குடுங்கன்னு சொல்லச் சொன்னாங்கன்னுச்சு. நான் என்ன சொன்னேன்? பேசினபடி அவங்களே வரட்டும்னேன். அந்தப் பொண்ணு என்ன ஒரு மாதிரி பாத்துட்டு, அவங்களால எழுந்திரிக்க முடியாதுங்கன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு.

ஒரு வார்த்தை, சார். தப்பாச் சொல்லிட்டேன் வேதகிரின்னு ஒரு வார்த்தை. அதத்தான் எதிர்பாத்தேன். அது தப்பா?

பத்து நாளுல போயிட்டாங்க.

என்ன கேட்டீங்க? கல்லு எங்க இருந்துச்சா? என் மேசை டிராயர்ல. விரிசலா? விரிசலெல்லாம் இல்ல. அது சும்மா சொன்னது. அவங்க திட்டிட்டுப் போன அன்னிக்கே சாயந்தரம் அந்தக் காலெல்லாம் இழைச்சு எடுத்துட்டேன். பதினாலு பறவை, இருபத்தெட்டு காலு. பாம்பையும் துண்டு பண்ணிட்டேன். அவங்க சொன்ன மாதிரி அரை நாள் கூட ஆகல. வேலைன்னு வந்துட்டா நான் பாக்கி வெக்கறவன் இல்ல சார். கல்லு தயாராத்தான் இருந்துச்சு. ஒரு மாசம் தயாராத்தான் இருந்துச்சு. அவங்கதான் வரல.

சரி, செத்துட்டாங்க. அப்பவாச்சும் கொண்டு போய்க் குடுத்திருக்கலாமேன்னு நெனக்கறீங்க. கஸ்தூரியும் அதத்தான் கேக்கறா. அக்கா மகன் ஒருத்தர் பாரிசுலருந்து வரணும்னு நாலு நாள் ஐஸ் பெட்டியில வெச்சிருந்தாங்க. நாலு நாளு. மாமல்லபுரத்துலருந்து பாண்டிச்சேரி எத்தனை தூரம்? இந்தா, நாம போயிட்டிருக்கோம், ரெண்டு மணி நேரம் கூட இல்ல. நான் நாலு நாளும் பட்டறையிலதான் இருந்தேன். எந்த வேலையும் எடுத்துக்கல. சட்டை மாத்திக்கிட்டு, கல்லத் துணியில சுத்தி மேசை மேல வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ரெஜினா ஒரு போன் பண்ணியிருந்தா ஓடியிருப்பேன். கூப்பிடாத வீட்டுக்கு எப்பிடி சார் போறது? சாவு வீட்டுக்குக் கூப்பிடணும்னு இல்லதான். எனக்குத் தெரியாதா? ஆனா நான் சாவுக்குப் போறவன் இல்லயே, வேலை செஞ்சவன். வேலை செஞ்சவனக் கூப்பிடணும். தவிர, பேரு வெட்டல. பேரில்லாத கல்லு யாரு நெஞ்சுக்குன்னு அந்தச் சாமிங்களுக்கு எப்பிடித் தெரியும்? பேரில்லாம குடுத்து என்ன பிரயோஜனம்? அந்த எழுத்து எழுதத் தெரிஞ்சது அவங்க ஒருத்தருக்குத்தான். அதனாலதான் போகல. இதுதான் உண்மையான காரணம்.

கஸ்தூரி போயிட்டு வந்தா. நாலாவது நாளு சாயந்தரம் வந்தா, குளிச்சா, அப்புறம் சொன்னா. தலைக்கு அடியில அந்தக் கருப்புக் கல்லு வெச்சிருந்தாங்களாம். கழுத்துல செவப்பு முடிச்சு. பக்கவாட்டுல, ஆபரேஷன் பண்ண தழும்பு மேல, ரெண்டு விரலும். ரெஜினாவே நோட்டப் பாத்துப் பாத்து வெச்சுச்சாம். வேலை சுத்தமா இருந்துச்சான்னு கேட்டேன். ஆமா, அதுதான் கேட்டேன், வேற என்ன கேக்கறது? அதுக்கு அவ சொன்னா.

"நெஞ்சு மேல மட்டும் எடம் விட்டு வெச்சிருந்தாங்க. சிலுவையக் கூட கொஞ்சம் தள்ளித்தான் வெச்சிருந்தாங்க. பெட்டிய மூடற வரைக்கும் அந்தப் பொண்ணு வாசலப் பாத்துக்கிட்டே இருந்துச்சு."

மறு நாளு டிராயர்ல ரப்பர் ஸ்டாம்பு தேடப் போனவ கல்லப் பாத்துட்டா. காலில்லாத பறவையப் பாத்துட்டா. எடுத்து என் முன்னால வெச்சா. வெச்சுட்டு உள்ள போயிட்டா. அன்னியிலருந்து சோறு போடறா, துணி தொவைக்கறா, கேட்டதுக்குப் பதில் சொல்றா. ஆனா அவளா ஒரு வார்த்தை பேசி ஒரு வருஷம் ஆச்சு. வெளியூருல இருக்கற எங்க பொண்ணு போன் பண்ணா கூட மாடிக்குப் போய்ப் பேசறா. சண்டை போட்டா பதில் சொல்லலாம். சும்மா இருக்கறவகிட்ட என்ன ஞாயம் பேசறது?

இப்ப நீங்க சொல்லுங்க சார். நான் செஞ்சதுல எங்க தப்பு? பின்னமா செய்ய மாட்டேன்னது தப்பா? எங்க தொழிலுக்கு அதுதான் தர்மம். அப்புறம் அவங்க கேட்ட மாதிரி மாத்தினது தப்பா? அதுவும் செஞ்சேன், அன்னிக்கே செஞ்சேன். தாய் சாவுக்கு வராதவங்க எனக்குக் காதில்லன்னு சொன்னாங்களே, அத ஏன் யாரும் கேக்க மாட்டேங்கறாங்க? இல்ல, நீங்க சொல்லாதீங்க, தெரியும். எல்லாரும் அதத்தான் சொல்றாங்க.

இது மரக்காணமா? உப்பளம் தெரியுது பாருங்க. இன்னும் முக்காமணி நேரம் இருக்கு.

உங்ககிட்ட மறைப்பானேன். கல்லு பாக்கப் போறேன்னு சொன்னது பொய். நாளைக்கு அந்தம்மாவுக்கு வருஷப் பூசை. ரெஜினா கார்டு அனுப்பியிருந்துச்சு. கஸ்தூரி பேரு மட்டும் எழுதி. கஸ்தூரி காலையில முதல் பஸ்ஸுலயே போயிட்டா, என்ன எழுப்பக் கூட இல்ல. நான் இதுல வந்துட்டேன். கோயிலுக்குள்ள போகப் போறதில்ல. கல்லறை எங்க இருக்குன்னு விசாரிச்சு வெச்சிருக்கேன். போய்ப் பாக்கலாம்னுதான். அங்க போய் என்ன செய்யப் போறேன்னு கேட்டா தெரியல. மண்ணுக்குள்ள போனத நெஞ்சுல கொண்டு போய் வெக்க முடியுமா?

இந்தாங்க, இதுதான். சட்டைப் பையிலதான் வெச்சிருக்கேன், இடது பக்கம். ஒரு வருஷமா அங்கயேதான். கனமாத்தான் இருக்கு, பழகிப் போச்சு. தொட்டுப் பாருங்க, வண்டு முதுகு எப்பிடி இருக்கு பாத்தீங்களா. திருப்புங்க. பறவைங்க தெரியுதா? எல்லாம் வயித்தோட நிக்குது. எனக்கு அப்பல்லாம் இதப் பாத்தா உடம்பு கூசும். இப்ப ஒண்ணும் தோணல. மூணாவது வரியில பாருங்க, வழவழன்னு காலியா. அதான் பேரு வெட்ட விட்ட எடம்.

உங்க போன்ல எல்லாம் வரும்ல? எந்த பாஷை எழுத்து வேணாலும் வரும்னு சொல்றாங்க. அந்தம்மா பேருக்கு இல்ல, சார். அவங்க பேரு நமக்கு எதுக்கு? அவங்க போய்ச் சேந்துட்டாங்க, அவங்க நெஞ்சு என்ன சொன்னாலும் இந்நேரம் சொல்லி முடிச்சிருக்கும். காலோட இருந்தாலும் குடுன்னு கேட்ட மனுஷிக்கு எதிரா அது என்ன பெருசா சொல்லப் போவுது? அதில்ல. வேதகிரின்னு அந்த எழுத்துல எப்பிடி எழுதறதுன்னு பாத்துச் சொல்லுங்களேன். சும்மாதான், தெரிஞ்சு வெச்சுக்கலாம்னு. இந்தக் காகிதத்துல எழுதிக் குடுத்தாக் கூடப் போதும். பறவை ஏதாச்சும் வந்தா கால் போடாம எழுதுங்க.

நாலே எழுத்துத்தான் சார். எடம் பத்தும். அளந்து பாத்துட்டேன்.